போர்க்கால அரண்களுக்கு பெயின்ட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர் 1942ல் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாளான பிப்ரவரி 15 நெருங்கும்போது லாப்ரடார் பூங்காவுக்கும் சிலோசோ கோட்டைக்கும் மாணவர் கூட்டம் வரத் தொடங்கிவிடும். எல்லாரும் பீரங்கிக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பக்கத்தில் பாசி படிந்து நிற்கும் கான்கிரீட் பெட்டியைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. இயந்திரத் துப்பாக்கி வைத்துச் சுடுவதற்காகக் கட்டப்பட்ட இந்தக் காப்பரண்களை ஆங்கிலத்தில் பில்பாக்ஸ் என்பார்கள். லாப்ரடாரில் ஒன்று உண்டு. பாசிர் பாஞ்சாங் சாலையில் சயன்ஸ் பார்க் பக்கம் ஒன்று, செந்தோசாவில் சிலோசோ முனையில் ஒன்று. மிஞ்சியவை மிகச் சில. இவற்றை யாரும் இப்போது இடிக்கப் போவதில்லை. ஆனால் நல்ல எண்ணத்தோடு சிமெண்ட் பூசி, பெயின்ட் அடித்து, வாசலை அடைத்துவிடுகிற பராமரிப்பு, மழையும் கடற்காற்றும் கெடுப்பதைவிட வேகமாக இவற்றைக் கெடுத்துவிடும். கான்கிரீட் பழுதுபார்ப்பில் இருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பராமரிப்புக் குத்தகையை எழுதுபவர்களுக்குத்தான் போய்ச் சேரவில்லை.

முதலில், இவை ஏன் தெற்கே இருக்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். எதிரி கடல் வழியாகத்தான் வருவான் என்ற கணக்கில் தீவின் தென்கரையில் காப்பரண்களும் முள்வேலியும் பீரங்கித் தளங்களும் அமைந்தன. ஜப்பானியர் 1942 பிப்ரவரி 8 இரவு வடமேற்கே சாரிம்பூன் கரையில் இறங்கினார்கள். மலாயாவின் தலைமைப் பொறியாளர் பிரிகேடியர் ஐவன் சிம்சன் 1941 டிசம்பர் கடைசியிலேயே வடகரையில் தடுப்புகள் கட்ட அனுமதி கேட்டார். அவை மக்களின் மன உறுதியைக் குலைக்கும் என்று சொல்லித் தளபதி பெர்சிவல் மறுத்ததாக சிம்சன் பின்னாளில் எழுதினார். இத்தனைக்கும் பெர்சிவல், 1930களின் பிற்பகுதியில் மலாயாவில் தளபதியாக இருந்த டோபியின் கீழ் பணியாற்றியவர். வடக்கிலிருந்து நிலவழியாகவும் தாக்குதல் வரலாம் என்பதை அப்போதே ஆராய்ந்தவர். ஜொகூரில் கோத்தா திங்கி பக்கம் டோபி தொடங்கி, பாதியில் நின்றுபோன அரண் வரிசையின் மிச்சங்களை இன்றும் பார்க்கலாம்.

டாங்கித் தடைகள் நம் தீவில் ஏன் கண்ணில் படவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். ஐரோப்பிய வயல்களில் வரிசை வரிசையாக நிற்கும் கான்கிரீட் கட்டைகளைப் படத்தில் பார்த்திருப்பார்கள். பிரிட்டனில் 1940ல் படையெடுப்புப் பயத்தில் அவசரமாக வார்க்கப்பட்ட கனசதுரக் கட்டைகளில் பல, பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர் கொண்டவை. அப்படி ஒரு கட்டையின் எடை ஏறக்குறைய 8 டன். மலாயாவில் ஓடிய ஜப்பானிய இலகு டாங்கியான டைப் 95ன் எடையே 7.4 டன்தான். அதன் அகலம் சுமார் 2.1 மீட்டர், அவர்களின் நடுத்தர டாங்கியான டைப் 97ன் அகலம் 2.33 மீட்டர். கட்டைகளுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டாலே இரண்டும் நுழைய முடியாது. தடை என்றால் சுவர்போல இடித்து நிறுத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். வேலை அப்படி நடப்பதில்லை. டாங்கி கட்டையின் மேல் ஏறப் பார்க்கும். மூக்கு மேலே தூக்கும். அடிப்பக்கத்து மெல்லிய தகடு வெளியே தெரியும். சங்கிலிப் பட்டை பிடிமானம் இழக்கும். அந்த நேரம் பார்த்துச் சுட ஒரு பீரங்கி அருகில் இருந்தாக வேண்டும். பீரங்கியின் காவல் இல்லாத தடையை எதிரியின் காலாட்படையினர் நிதானமாக அப்புறப்படுத்திவிடுவார்கள்.

சாலைகளில் நிரந்தரக் கட்டை வைக்க முடியாது, நம் வண்டிகளும் போக வேண்டுமே. அதற்காக சாலைக்குள் கான்கிரீட் குழிகள் பதித்து, ஆபத்து வரும்போது தண்டவாளத் துண்டுகளை அவற்றில் செருகுவார்கள். அல்லது சுமார் 60 செ.மீ. விட்டம், 90 செ.மீ. உயரத்தில் உருளைகள் வார்த்துச் சாலையோரம் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் அரை டன்னுக்கு மேல் இருக்கும். நடுத் துளையில் கடப்பாரை செருகி நகர்த்தலாம். மலாயாவுக்கும் இப்படிப்பட்ட உருளைகள் வந்தன. ஆனாலும் 1942 ஜனவரி 7 அதிகாலையில் பேராக்கின் சிலிம் ஆற்றுப் பகுதியில் ஜப்பானிய டாங்கிகள் 11வது இந்தியப் படைப்பிரிவை ஊடுருவிப் பல மைல் தூரம் ஓடிப் பாலங்களைப் பிடித்துவிட்டன. சாலையில் தடைகள் சில இருந்தன. அவற்றைக் காக்கப் போதிய டாங்கி எதிர்ப்புப் பீரங்கி சரியான இடத்தில் இல்லை. பிரிட்டிஷ் தரப்பில் அப்போது மலாயா முழுவதிலும் டாங்கியே கிடையாது. ஆக, தடைகள் இங்கே கண்ணில் படாத நிலையில், நம்மிடம் எஞ்சியவை காப்பரண்கள்தான். அவற்றை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வதுதான் என் கவலை.

இனி கான்கிரீட்டுக்கு வருவோம். நல்ல கான்கிரீட் கடும் காரத்தன்மை உடையது, பிஎச் மதிப்பு 12.5க்கு மேல். அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே ஊடுருவி, பிஎச் மதிப்பை 9க்கும் கீழே இறக்கிவிடுகிறது. இதைக் கார்பனேற்றம் என்கிறோம். இது நேர்கோட்டு வேகத்தில் போவதில்லை. முதல் 10 ஆண்டில் 10 மில்லிமீட்டர் என்றால், 20 மில்லிமீட்டரைத் தொட 40 ஆண்டும், 30ஐத் தொட 90 ஆண்டும் ஆகும். எண்பது ஆண்டு கடந்த அரண்களில் கம்பிக்கு மேல் இருப்பதே ஓரங்குலக் கான்கிரீட் என்றால், கார்பனேற்றம் ஏற்கெனவே கம்பியைத் தொட்டிருக்கும். இவ்வளவு காலம் நின்றது இனியும் நிற்கும் என்ற நம்பிக்கை தவறாவது இங்கேதான்.

துருப்பிடித்த கம்பி, இரும்பாக இருந்ததைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கான்கிரீட் அதற்கு விட்டுக்கொடுக்காது, வெடித்துப் பெயரும். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறைக் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காப்பரணிலும் முதலில் பெயர்வது வெளிச்சுவர் அல்ல, உட்கூரைதான். மழையில் நனைந்துகொண்டே இருக்கும் பரப்பில் துளைகள் நீரால் நிறைந்திருப்பதால் வாயு மெதுவாகத்தான் புகும். மழை படாத உட்பக்கத்தில் வேகம் கூடும். வெளியே நின்று பார்த்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதும் ஆய்வறிக்கைகளை நம்பக்கூடாது.

கடலோரத்தில் இன்னொரு எதிரி உப்பு. காற்றோடு வரும் உப்பு ஒரு பக்கம். அவசரத்தில் கழுவாத கடல் மணலைக் கலவையில் போட்டிருந்தால் உப்பு முதல் நாளே உள்ளே போயிருக்கும். கார்பனேற்றத்தால் வரும் துரு பரவலாக, மெதுவாகப் பிடிக்கும். உப்பால் வரும் துரு ஓரிடத்தில் குழி பறித்துக் கம்பியையே அறுத்துவிடும், மேலே ஒரு விரிசலைக்கூடக் காட்டாமல். எது நடக்கிறது என்று தெரியாமல் பூசத் தொடங்குவது வீண்செலவு.

தெரிந்துகொள்ள பெரிய ஆய்வகம் தேவையில்லை. சிறு சுத்தியலால் பரப்பு முழுவதும் தட்டிக்கொண்டே போக வேண்டும். திடமான இடம் கணீரென்று ஒலிக்கும், உள்ளே பிரிந்துவிட்ட இடம் பொத்தென்று ஒலிக்கும். அதைச் சாக்குக்கட்டியால் சுற்றிக் கோடிட்டு, அளவோடு படம் எடுக்க வேண்டும். பெயர்ந்துபோன ஓரிடத்தில் புதிதாக உடைத்த பரப்பின் தூசியை ஊதிவிட்டு, ஒரு சதவீதப் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் மிஞ்சியிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாக மாறும்; கார்பனேற்றம் முடிந்த பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத அந்த ஆழத்தை அளந்து, கம்பி இருக்கும் ஆழத்தோடு ஒப்பிட்டால் போதும். பழைய உடைப்பில் தெளித்தால் எல்லாமே நிறமற்றுத்தான் இருக்கும், அது ஒன்றையும் சொல்லாது. உப்பை அறிய, 25 மில்லிமீட்டருக்கு ஒரு மாதிரியாகத் துளைத்த தூளைத் தனித்தனியே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எல்லா ஆழத்திலும் உப்பு ஒரே அளவில் இருந்தால் அது கலவையிலேயே இருந்தது. வெளியில் அதிகம், உள்ளே குறைவு என்றால் கடற்காற்றில் வந்தது.

பழுதுபார்க்கும் முறை வீவக கட்டடத்தில் செய்வதுதான், ஆனால் மரபுக் கட்டடத்தில் இரண்டு மூன்று இடங்களில் கை மாற வேண்டும். பெயர்ந்த இடத்தைச் சுற்றிக் கிரைண்டரால் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நேராக வெட்டிக்கொள்வது வழக்கம். ஓரம் மெலிந்து தேய்ந்தால் புதுக் கலவை செதில் செதிலாக உதிரும் என்பதே காரணம். காப்பரணில் அந்த வெட்டு, பழைய பலகைக் கோட்டை ஒட்டியே போக வேண்டும். கான்கிரீட் வார்த்தபோது அடித்த மரப்பலகையின் அகலமும் நரம்பும் முடிச்சும் சுவரில் அப்படியே பதிந்திருக்கும். பலகை இணைந்த கோட்டில் வெட்டினால் ஒட்டு கண்ணில் படாது. நடுவில் சதுரமாக வெட்டினால் எவ்வளவு நேர்த்தியாகப் பூசினாலும் அசிங்கமாகவே தெரியும். பிறகு கம்பியின் பின்புறம் குறைந்தது 20 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும்வரை கொத்தி எடுக்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் சுரண்டிவிட்டுப் பூசுவதுதான் இந்த ஊரில் நான் அதிகம் காணும் ஏமாற்று வேலை. கம்பியின் முதுகில் இருக்கும் துரு இரண்டு மூன்று மழைக்காலத்தில் பூச்சைத் தள்ளிவிடும். கம்பி பளபளக்கும்வரை சுத்தம் செய்து, உப்பு இருந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, அன்றைக்கே துத்தநாகம் கலந்த பூச்சு கொடுக்க வேண்டும். ஈரக் காற்றில் ஓர் இரவு விட்டாலே மறுபடி சிவந்துவிடும்.

கலவையில்தான் பெரிய தவறு நடக்கிறது. வலிமை கூடினால் நல்லது என்று நினைத்து, பழைய கான்கிரீட்டைவிட மிகக் கடினமான கலவையை அடைக்கிறார்கள். அது இறுகும்போது சுருங்கி, பழையதோடு சேரும் விளிம்பில் முடிபோல விரிசல் விடும். தண்ணீர் நேராக அங்கே இறங்கும். பழையதன் வலிமைக்கு ஒத்த கலவையைத் தேர்ந்து, மணலின் நிறத்தையும் பரலின் அளவையும் பார்த்து, ஒரு ஓரத்தில் மாதிரித் துண்டு செய்து சில வாரம் வெயிலில் விட்டு, காய்ந்த நிறத்தை ஒப்பிட்ட பிறகே சுவரில் கை வைக்க வேண்டும். பூசும் முன் பழைய பரப்பு நீரைக் குடித்து நிறைந்திருக்க வேண்டும், ஆனால் மேலே தண்ணீர் நிற்கக்கூடாது. கலவை தயாரிப்பாளர் சொன்ன கனத்துக்கு மேல் ஒரே அடியில் அப்பினால் எடையில் தொங்கிப் பிரியும். ஈரமாக இருக்கும்போதே பழைய பலகையின் அகலத்தில் ஒரு மரத்துண்டை அழுத்தி நரம்பைப் பதிக்கலாம். பிறகு ஈரச் சாக்கும் அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு 7 நாள் கியூரிங், அதாவது காய்ந்துவிடாமல் ஈரமாக வைத்து இறுகவிடுவது. நம் ஊரில்தான் எப்போதும் ஈரக்காற்று ஆயிற்றே என்று இதை விட்டுவிடுகிறார்கள். பிற்பகல் வெயிலில் மேற்கு நோக்கிய சுவர் எப்படிச் சுடும் என்று கை வைத்துப் பார்த்தால் தெரியும்.

உப்பேறிய சுவரில் ஓரிடத்தை மட்டும் நன்றாகப் பழுதுபார்த்தால், அதை ஒட்டிய பழைய பகுதி அடுத்ததாகப் பெயரும். அதுவரை துருப்பிடித்துக்கொண்டிருந்த இடம் பக்கத்துக் கம்பியைத் தன்னை அறியாமல் காத்துக்கொண்டிருந்தது. அந்த இடம் சரியானதும் துரு பக்கத்துக்கு நகர்கிறது. இதைப் ‘போன தடவை வேலை சரியில்லை’ என்று ஒப்பந்தக்காரர் தலையில் கட்டுவது பாதி நேரம் அநியாயம். ஒட்டின் விளிம்பில் கம்பியோடு சேர்த்துத் துத்தநாகத் துண்டுகளைக் கட்டிவிட்டால், கம்பிக்குப் பதில் துத்தநாகம் கரையும்.

பெயின்ட் விஷயம். ரப்பர்போல நீளும் வெளிப்புறப் பெயின்டை அடித்தால் மழை உள்ளே போகாது என்பார்கள். காப்பரணுக்குத் தண்ணீர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. பாதி மண்ணுக்குள் புதைந்திருப்பதால் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் ஏறும். வெளியே போக வழியில்லாமல் பெயின்டுக்குப் பின்னால் தேங்கிக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அதற்குள் பாசி. பாசியை எடுக்க, தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் வாட்டர்ஜெட். அது பாசியோடு மேலிருக்கும் சிமெண்ட் தோலையும் பலகைத் தடத்தையும் சேர்த்தே எடுத்துவிடும். ஜல்லி பல்லைக் காட்டும். கரடுமுரடான பரப்பில் அடுத்த பாசி இன்னும் வேகமாகப் பிடிக்கும். உடனே மறுபடி பெயின்ட். நைலான் தூரிகை, குழாய்த் தண்ணீர், பாசிக்கொல்லி, பொறுமை. வேறெதுவும் வேண்டாம். உண்மையில் பாசியைவிடக் கூரைமேல் தேங்கும் நீரும் இலைக்குப்பையும்தான் அவசரமாகக் கவனிக்க வேண்டியவை.

வாசலையும் சுடுதுவாரங்களையும் செங்கல்லோ கான்கிரீட்டோ வைத்து அடைப்பதற்குக் கொசுவைக் காரணம் சொல்வார்கள். டெங்கிப் பயம் நியாயமானது. ஏடிஸ் கொசு ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். ஆனால் அடைத்த பெட்டிக்குள்ளும் தண்ணீர் கசியும், கொசு நுழைய விரலளவு சந்து போதும், உள்ளே போய்ப் பார்க்கத்தான் யாராலும் முடியாது. தரையில் மண்ணை அள்ளிவிட்டு, ஏற்கெனவே இருக்கும் வடிகால் துளையைத் தேடித் திறந்து, துருப்பிடிக்காத எஃகு வலையைக் கழற்றக்கூடிய சட்டத்தில் பொருத்தினால் காற்றும் ஓடும், ஆளும் உள்ளே போகலாம். சட்டத்தின் ஆணியைப் பழைய கான்கிரீட்டில் துளையிட்டு அடிக்காமல், உட்பக்கமாக விரித்து நிறுத்தும் வகையில் செய்ய முடியும். ஆலமர வகை வேர்களை இழுத்துப் பிடுங்கக்கூடாது. விரிசலை விரித்துக்கொண்டுதான் வெளியே வரும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் மருந்து தடவி, வேர் செத்துச் சுருங்கிய பிறகு விரிசலை அடைப்பதே முறை.

வழிகாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். சுவரில் தெரியும் பள்ளமெல்லாம் குண்டுபட்ட தடம் அல்ல. குண்டுத் தடம் ஆழம் குறைந்து கிண்ணம்போல இருக்கும், நடுவில் கம்பி இருக்கத் தேவையில்லை. பள்ளம் நீளவாக்கில் ஓடி, அடியில் பழுப்புக் கோடாகக் கம்பி தெரிந்தால் அது துரு தள்ளிய காரை. பிள்ளைகளிடம் முதலாவது என்று சொல்லி இரண்டாவதைக் காட்டுவதை அடிக்கடி கேட்க நேர்கிறது. அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நிஜமான குண்டுத் தடம் இருந்தால் அதை அடைக்கவே கூடாது. காரை பெயர்ந்த பள்ளத்துக்குப் பதில் பிள்ளைகளுக்குச் சுடுதுவாரத்தைக் காட்டலாம். பக்கச் சுவர் படிப்படியாக வெட்டியிருந்தால், வெளியிலிருந்து வரும் குண்டு சாய்வில் வழுக்கி உள்ளே பாயாமல் படியில் மோதி நிற்கட்டும் என்பதற்காக. சுவரின் கனத்தை நாடா வைத்து அளக்கச் சொல்லலாம். பிரிட்டனின் 1940ஆம் ஆண்டு வடிவங்களில் துப்பாக்கிக் குண்டைத் தாங்க 30 செ.மீ., பீரங்கிக் குண்டைத் தாங்க ஒரு மீட்டருக்குச் சற்று மேல். நம் அரண் எந்த ஆயுதத்தை எதிர்பார்த்தது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பிரிட்டனில் 1995ல் தொடங்கிய ஒரு திட்டத்தில் தன்னார்வலர்கள் ஊர் ஊராகப் போய் ஏறக்குறைய 20,000 போர்க்காலத் தற்காப்பு இடங்களைப் பதிவு செய்தார்கள். நமக்கு அவ்வளவு உழைப்பு தேவையில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய அரண்களுக்கு ஒன்றுக்கு ஒரு கோப்பு போதும்: சுத்தியல் தட்டிய வரைபடம், கார்பனேற்ற ஆழம், உப்பு அளவு, எப்போது எந்தக் கலவையால் ஒட்டுப் போடப்பட்டது. நிலம் ஒருவரிடம், மரம் இன்னொருவரிடம், தகவல் பலகை மூன்றாமவரிடம் என்று பிரிந்து கிடந்தாலும், தேசிய மரபுடைமைக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் அந்தக் கோப்பைப் பொதுவில் வைத்துக்கொள்ள முடியும்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. ஒப்பந்த ஆவணம் ஆங்கிலத்தில் இருக்கிறது. கிரைண்டரைப் பிடிக்கும் கைகளில் பல தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. பலகைத் தடத்தைக் காக்க வேண்டும் என்று மேற்பார்வையாளருக்குத் தெரிந்திருக்கலாம். காலையில் வாட்டர்ஜெட்டைத் திறப்பவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த பராமரிப்புக் குத்தகையில் ‘சுத்தம் செய்து இரண்டு கோட் பெயின்ட்’ என்ற வரியை எடுத்துவிட்டு, வேலைக்கு முன் சோதனை, மாதிரித் துண்டு, 7 நாள் கியூரிங் ஆகிய மூன்றையும் தனித்தனி விலைப் புள்ளியாகச் சேர்க்க வேண்டும். ‘செய்யக்கூடாதவை’ ஒரு பக்கத்தில் தமிழிலும் வங்காளத்திலும் சீனத்திலும் அச்சிட்டு, வேலை தொடங்கும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் சுவர் முன்னால் நின்று படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
கட்டடப் பழுதுபார்ப்புத் துறை வாசகர்,
சுவா சூ காங்